மருத்துவக் கட்டண வெளிப்படைத்தன்மை: மலேசியச் சட்டங்கள் காட்டுவனவும் காட்டாதனவும்

விலையைக் கட்டுப்படுத்துதல் வேறு, விலையை அறிவித்தல் வேறு. முன்னது உச்சவரம்பு விதிப்பது; பின்னது வாங்குவோருக்குத் தொகையை முன்கூட்டியே தெரிவிப்பது. மருத்துவக் கட்டணம் பற்றிய பொது உரையாடல்களில் இவ்விரண்டும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. மலேசியத் தனியார் மருத்துவமனை தரும் பில்லின் எந்தப் பகுதியை எந்தச் சட்டம் ஆள்கின்றது என்பதை நாம் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் (586ஆம் சட்டம்), 2006 மே 1ஆம் நாள் தன் விதிமுறைகளோடு நடைமுறைக்கு வந்தது. மருத்துவரின் தொழில்முறைக் கட்டணத்திற்கு அது அட்டவணை வகுத்தது. மருத்துவமனைகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்குரிய கட்டணங்கள் 2013இல் திருத்தப்பட்டுப் பதின்மூன்றாம் அட்டவணையாயின. ஒவ்வோர் அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவர் பெறத்தக்க தொகைக்கு இதில் வரம்புண்டு. ஆயினும் அவ்வட்டவணை மருத்துவக் கலைச்சொற்களால் ஆனது. பித்தப்பையை அகற்ற வேண்டும் என்று மட்டும் அறிந்த நோயாளி, தம் சிகிச்சைக்குரிய வரியை அதனுள் தேடிக் கண்டடைவது எளிதன்று.

பில்லின் பெரும்பங்கு மருத்துவர் கட்டணம் அன்று. அறை வாடகை, அறுவை அரங்கு, ஆய்வுக்கூடச் சோதனைகள், மருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்கள் ஆகியவை மருத்துவமனைக் கட்டணம் எனப்படும். இவற்றுக்கு அவ்வட்டவணையில் உச்சவரம்பில்லை. வரம்புக்கு மாற்றாக 2006ஆம் ஆண்டு விதிமுறைகள் ஓர் உரிமையை வழங்கின. ஒத்த நோய் கண்ட சராசரி நோயாளிக்கு ஆகும் தொகையை அடிப்படையாகக் கொண்டு, சிகிச்சை தொடங்குமுன் மதிப்பீட்டுக் கட்டணத்தை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. இனவாரியான பில்லையும் அவர் கேட்டுப் பெறலாம். இவ்வுரிமை நல்லதே. ஆனால் அது கைக்கு வரும் இடம் பெரும்பாலும் அனுமதி முகப்பு. முன்பணமோ காப்புறுதியின் உத்தரவாதக் கடிதமோ ஏற்பாடாகி, நோயாளி வலியோடு அமர்ந்திருக்கும் வேளையில் வேறொரு மருத்துவமனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் யார்?

2025 மே 1 முதல் மருந்தின் விலையைக் காட்சிக்கு வைக்கும் ஆணை நடைமுறைக்கு வந்தது. மருந்தகங்களோடு தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் கட்டுப்படுத்தும் இவ்வாணை, சுகாதாரச் சட்டத்தின்கீழ் அன்றி, 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பிறப்பிக்கப்பட்டது. மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் 1992 முதல் 10 ரிங்கிட்டுக்கும் 35 ரிங்கிட்டுக்கும் இடையிலேயே நின்றுவிட்டது என்பது அவர்கள் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. இதனை வெறும் தன்னலக் கூக்குரல் என்று தள்ளிவிட இயலாது. ஆலோசனைக்குரிய ஊதியம் உறைந்துபோனால், கிளினிக்கின் வாடகையும் தாதியர் சம்பளமும் மருந்தின் விலைக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு பகுதியைக் கட்டினால் செலவு மற்றொரு பகுதிக்கு நகரும். அப்பகுதிக்கு விளக்கேற்றியவுடன் பூசல் எழுவது இயல்பு. விலைச்சீட்டு வேண்டியதே என்பது நம் கருத்து. எனினும் ஒரு மாத்திரையின் விலையை அறிந்தவர், தமக்கு எத்தனை மாத்திரை எழுதப்படும் என்பதை அதனால் அறிந்துவிடுவதில்லை.

அண்டை நாடான சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. அங்கு மருத்துவச் சங்கம் 1987இல் வெளியிட்ட கட்டண வழிகாட்டி, போட்டிச் சட்டத்திற்கு மாறாகலாம் என்னும் ஐயத்தால் 2007இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. விற்போர் கூடி விலை குறிப்பது போட்டியைக் கெடுக்கும் என்னும் கொள்கையை 2010இல் போட்டி ஆணையமும் உறுதிசெய்தது. தருக்கம் பிழையற்றது, ஆயினும் நோயாளியின் கையிலிருந்த அளவுகோலும் உடன் போயிற்று. அவ்விடத்தை நிரப்பவே சுகாதார அமைச்சு 2018 நவம்பரில், தனியார் துறையின் 222 அறுவைச் சிகிச்சைகளுக்கு மருத்துவர் கட்டண அளவீடுகளை வெளியிட்டது. அவை உச்சவரம்புகள் அல்ல, கீழெல்லையும் மேலெல்லையும் கொண்ட வீச்சுகள். அதனைக் கடந்து கட்டணம் பெறும் மருத்துவர் காரணம் கூற வேண்டிய நிலைக்கு ஆளாகின்றார். பின்னாளில் மயக்க மருந்து நிபுணர்களின் கட்டணமும் இவ்வளவீட்டில் சேர்ந்தது.

மலேசிய நோயாளிக்கு அத்தகைய பொது அளவுகோல் மருத்துவமனைக் கட்டணப் பகுதியில் இல்லாத நிலையில், மதிப்பீட்டுக் கட்டணம் என்னும் உரிமையே அவர் கையிலுள்ள கருவி. அதனைக் கேட்பவர் மொத்தத் தொகையோடு நின்றுவிடாமல், எந்தெந்த இனங்கள் அம்மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.