பாம்புப் பயம்: போனில் தொடங்கி மலையில் முடிப்பது

கேகாலை, இரத்தினபுரி இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே மலைக்குப் போகிறார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். தரை முழுக்கச் சருகு. அந்தச் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் கோப்பி விரியன், இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கிற பாம்பு.

இங்கே பாம்புக்குப் பயப்படாத ஆள் இல்லை. ஆனால் சிலரை அந்தப் பயம் வேறு விதமாகப் பிடித்துக்கொள்கிறது. பாம்புப் படம் போட்ட கலண்டரைக்கூடப் பார்க்க முடியாது. காலில் கயிறு பட்டாலே உடம்பு நடுங்கும். பாம்பைக் கண்ட மர நிரைக்கு மாதக் கணக்கில் போகமாட்டார். அரை நாள் கூலியோடு லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் நித்திரையையும் கெடுக்கும் பயத்துக்கு மனநல மருத்துவம் ஃபோபியா என்று பெயர் வைத்திருக்கிறது. தோட்டத்தில் அதற்குக் கிடைப்பது திருநீறும் மந்திரித்த நூலும், கூடவே கேலியும்.

இதற்குச் சிகிச்சை உண்டு. விலகி ஓடும் ஒவ்வொரு தடவையும் மனசுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அதுவே பயத்துக்குத் தீனி. ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக எதிரே நிற்கப் பழகினால் பயம் இறங்கும். சுவீடனில் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் இதைச் செய்து காட்டி 1989இல் எழுதினார். 2013இல் அதே நாட்டில் கெர்ஹார்ட் ஆண்டர்சன் குழுவினர் பாம்புப் பயம் உள்ள 26 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். நேரில் சிகிச்சை பெற்றவர்களில் 84.6 வீதமானோர் தெளிவாகத் தேறினார்கள். வீட்டிலிருந்தே நான்கு வாரம் இணையப் பாடங்களைப் படித்து, வீடியோ பார்த்து, கொஞ்சம் எழுத்து வழிகாட்டலோடு பழகியவர்களில் 61.5 வீதம். ஊருக்குள் மனநல வைத்தியர் இல்லாத மலைக்காட்டுக்கு இந்த இரண்டாவது எண் பெரிய செய்தி.

செய்முறை கடினமில்லை. முதலில் போனில் பாம்பின் கோட்டுச் சித்திரம், பிறகு கறுப்பு வெள்ளைப் படம், வண்ணப் படம், அசையும் வீடியோ. பயத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று நாமே புள்ளி போட வேண்டும். எண்பதில் தொடங்கியது நாற்பதுக்கு இறங்கும்வரை கண்ணை எடுக்கக்கூடாது. அடுத்த நாளும் அதே படம். பயம் சலிப்பாக மாறிய பிறகுதான் அடுத்த படி. வாசிக்கச் சிரமப்படும் அக்காமாருக்காக இதைத் தமிழில் குரலாகப் பதிந்து கொடுத்தால் போதும். வைத்தியர் பக்கத்தில் இல்லாவிட்டால் பலர் நடுவில் விட்டுவிடுவார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு.

ஆனால் என் கவலை கடைசிப் படியைப் பற்றியது. குளிர்நாட்டுப் பாடத்தின் முடிவில் விஷமில்லாத பாம்பைத் தொடச் சொல்வார்கள். நம் மலையில் அது கூடவே கூடாது. இலங்கை ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. கோப்பி விரியனுக்குப் பலிக்காது. சிலருக்கு அந்தக் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. 2012-13இல் நாடு தழுவி எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பு, ஒரு வருடத்தில் சுமார் 80,000 கடிகள், 400 மரணங்கள் என்று மதிப்பிட்டது. இப்படிப்பட்ட இடத்தில், பூட்ஸும் டோர்ச்சும் கேட்கிற தொழிலாளியிடம் "உனக்கிருப்பது ஃபோபியா, போனைப் பார்த்துப் பழகு" என்று சொல்ல, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் யாராவது துணிந்தால், நல்ல மருத்துவம் அநியாயத்துக்குத் துணை போகும். கேலி செய்த வாய்க்குப் புதிதாக ஒரு மருத்துவச் சொல் கிடைத்ததாகிவிடும். நிரையில் புல்லும் சருகும் வழிக்கப்பட வேண்டும், காலுக்குப் பூட்ஸ் வேண்டும். பாடம் அதற்குப் பிறகு.

ஆகவே தமிழில் செய்யப்படும் பாடத்தின் கடைசிப் படி பாம்பிடம் போகக்கூடாது, வேலைக்குப் போக வேண்டும். பூட்ஸ் போட்டு, டோர்ச் அடித்து, துணைக்கு ஒருவரோடு, விட்டுப்போன நிரையின் முதல் மரம்வரை. அடுத்த நாள் ஐந்தாவது மரம்வரை. சருகுக்குள் கைவிடக்கூடாது என்பதும், கடித்தால் கட்டாமல் கீறாமல் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதே குரலில், அதே பாடத்தில் இருக்க வேண்டும்.