பால் குடிக்கும் பிள்ளைக்கு பார்க்கிங் மணி தெரியுமா?

போன மாதம் ஒரு சாயங்கால நேரம். பழங்காநத்தத்தில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு, வழக்கமாக மூட்டுவலித் தைலம் வாங்கிப் போகும் அம்மா ஒருவர் வந்தார். அன்றைக்கு வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செல்போனை என் முன்னால் நீட்டினார்.

"ஐயா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. லண்டன்ல இருக்க எம் மகளுக்குக் கோர்ட்டுல இருந்து கடுதாசி வந்திருக்காம். புள்ளைக்கு மூணு மாசந்தான் ஆகுது. ராத்திரி பூரா அழுதிருக்கா. ரெண்டு நாளா பால் சரியா இறங்கலங்கிறா."

விஷயம் இதுதான். அந்தப் பெண் கைக்குழந்தையோடு கடைக்குப் போயிருக்கிறாள். கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் வண்டி நிறுத்த இலவசம். சாமானை ஏற்றிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதிருக்கிறது. பின் ஸீட்டில் உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறாள். 38 நிமிடம் கூடிவிட்டது. வாசலில் இருந்த கேமரா வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் படம் பிடித்துவிட்டது. அந்த இடத்தைப் பராமரிக்கும் தனியார் கம்பெனி 100 பவுண்டு கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. பயத்தில் இரண்டு, மூன்று கடிதங்களைப் பிரித்ததோடு சரி, பதில் போடவில்லை. இப்போது வழக்கு.

நான் வக்கீல் இல்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு நாடி பிடிக்கிறவன். ஆனால் "பால் இறங்கல" என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு, இது வெறும் வண்டி விவகாரம் என்று சும்மா இருக்க முடியவில்லை. சட்டம் தெரிந்த நண்பர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மகளோ மருமகளோ கைக்குழந்தையோடு இருப்பாள் அல்லவா?

பயந்தால் பால் ஏன் இறங்காது?

பால் சுரப்பது ஒன்று, இறங்குவது இன்னொன்று. குழந்தை மார்பில் வாய் வைத்துச் சப்பும்போது அந்தச் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு சுரப்புகள் வருகின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் அந்தப் பாலைக் காம்புக்குத் தள்ளிவிடுகிறது. இந்த இரண்டாவது சுரப்பு ரொம்பக் கூச்ச சுபாவம் உள்ளது. பயம், அவமானம், ஆத்திரம், யாராவது கண்ணாடியைத் தட்டுவது, எது வந்தாலும் பின்வாங்கிக்கொள்ளும். மார்பு நிறையப் பால் இருக்கும், பிள்ளை வாய்க்கு வராது. பிள்ளை அழும். அந்த அழுகையைக் கேட்டுத் தாய் இன்னும் பதறுவாள்.

இது நிரந்தரம் அல்ல. மனசு ஆறினால் பால் இறங்கும். ஆனால் அப்படியே விட்டுவிட்டால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல் போல ஆகும். சிலருக்கு அது அழற்சியாகிக் காய்ச்சல் வரும், மார்பில் ஒரு பக்கம் சிவந்து சுடும். அப்போதும் பாலூட்டுவதை நிறுத்தக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். பால் கட்டினால் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் பழக்கம் நம்ம பக்கம் உண்டு. அது பாலை வற்றச் செய்வதற்கான முறை. தொடர்ந்து பால் கொடுக்க வேண்டியவள் அதைச் செய்யக் கூடாது.

பிள்ளையின் கடிகாரம்

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதாவது இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் கால் மணியும் ஆகலாம், முக்கால் மணியும் ஆகலாம். வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். அதனால் "கொஞ்சம் பொறுத்துக்கோடா, வீட்டுக்குப் போயிடலாம்" என்பது பிள்ளையிடம் செல்லாது. கையை வாயில் வைப்பது, தலையைத் திருப்பித் தேடுவது இவைதான் பசியின் முதல் அடையாளம். அழுகை கடைசியில் வருவது. அழ ஆரம்பித்த பிள்ளையைக் கார் ஸீட்டில் கட்டிவைத்து வண்டி ஓட்டினால் தாய்க்குக் கவனம் எங்கே இருக்கும்? ஓடும் வண்டியில் மடியில் வைத்துப் பால் கொடுப்பது அதைவிட ஆபத்து. ஆகவே நிறுத்திய இடத்திலேயே பால் கொடுத்துவிட்டுக் கிளம்பியது தப்பே இல்லை. மருத்துவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இது. உலக சுகாதார நிறுவனமும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்றுதான் சொல்கிறது.

இங்கிலாந்தில் கடிதம் வந்தால்

அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். அங்கே மாநகராட்சி போடும் அபராதம் வேறு, தனியார் கம்பெனி கேட்கும் பணம் வேறு. இரண்டு கடிதமும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஜனங்கள் மிரண்டுபோகிறார்கள். தனியார் கேட்பது அரசு அபராதம் அல்ல. "எங்கள் போர்டில் எழுதியிருந்த நிபந்தனையை மீறினீர்கள், ஒப்பந்தப்படி இவ்வளவு தர வேண்டும்" என்ற கோரிக்கை.

அதற்காகக் குப்பையில் போட்டுவிடலாமா? கூடாது. 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துக்கே இப்படி ஒரு வழக்கு போனது. செம்ஸ்ஃபோர்டு ஊரில் இரண்டு மணி நேர இலவச இடத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாக நின்ற வண்டிக்கு 85 பவுண்டு கேட்டார்கள். அது செல்லும் என்று தீர்ப்பானது. ஆகவே "தனியாருக்கு என்ன உரிமை?" என்ற ஒரே வாதத்தை வைத்து ஜெயிக்க முடியாது.

பாலூட்டும் தாய்க்கு வேறு வாதங்கள் உண்டு.

முதலாவது, 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம். பாலூட்டுகிறாள் என்பதற்காக ஒரு பெண்ணைச் சேவை தரும் இடத்தில் மோசமாக நடத்துவது பாரபட்சம் என்கிறது அது. பிள்ளை பிறந்து 26 வாரம் வரை மகப்பேறு என்ற தனிப் பாதுகாப்பு. அதற்குப் பிறகு பெண் என்ற முறையில் பாதுகாப்பு. ஆனால் கேமராவுக்கு உள்ளே நடப்பது தெரியாது, அது எல்லா வண்டிக்கும் ஒரே கணக்குத்தான் போடுகிறது என்று கம்பெனி பதில் சொல்லும். அதனால்தான் காரணத்தை முதல் கடிதத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். தெரிந்த பிறகும் பிடிவாதம் பிடித்தார்கள் என்று அப்போதுதான் காட்ட முடியும். இது தானாக ஜெயித்துத் தரும் மந்திரம் இல்லை, நல்ல வாதம். அவ்வளவுதான்.

இரண்டாவது, கடிதம் வந்த தேதி. ஓட்டியது யார் என்று தெரியாமல் வண்டிக்குப் பொறுப்பாளரிடம் பணம் கேட்க வேண்டுமானால் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனைகளைக் கம்பெனி பின்பற்றியிருக்க வேண்டும். கேமராவை மட்டும் வைத்துப் போட்ட கடிதம் 14 நாளுக்குள் வந்து சேர வேண்டும். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, போர்டு. கண்ணில் படும்படி இருந்ததா, எழுத்து படிக்கும்படி இருந்ததா? போட்டோ எடுத்து வையுங்கள்.

நேரக் கெடு ரொம்ப முக்கியம். முதலில் கம்பெனிக்கே மறுப்பு எழுத 28 நாள். அவர்கள் மறுத்தால் வெளியே முறையீடு கேட்கும் அமைப்பு உண்டு. கம்பெனி எந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்பதைப் பொறுத்து அது மாறும், முகவரியும் கெடுவும் மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும். வழக்கு என்று கோர்ட் படிவம் வந்துவிட்டால் 14 நாளுக்குள் பதில் போட வேண்டும். "படிவம் கிடைத்தது, எதிர்வாதம் செய்யப் போகிறேன்" என்று தெரிவித்தால் மொத்தம் 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் எதிர்த்தரப்பு கேட்டபடி தீர்ப்பாகிவிடும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு வருஷம் பதிவில் நிற்கும். வீட்டுக் கடன் கேட்கப் போகும் இடத்தில் அது தலைகாட்டும். 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற அமைப்பு அங்கே இலவசமாக ஆலோசனை தருகிறது.

சான்றுக்கு என்ன வேண்டும்? பிள்ளையின் பிறந்த தேதி, அங்கே தருகிற சிவப்பு நிற உடல்நலப் புத்தகம், கடை ரசீதில் உள்ள நேரம், அன்றைக்குக் கணவருக்கு அனுப்பிய "பிள்ளை அழுறான், பால் கொடுத்துட்டு வர்றேன்" என்ற செய்தி. இவை போதும். கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம்.

நம்ம நாட்டில் என்ன நிலைமை?

2017 நவம்பரில் மும்பை மலாட் பகுதியில் ஒரு சம்பவம். நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றதாக ஒரு காரைப் போக்குவரத்துப் போலீசார் கட்டி இழுத்துப் போனார்கள். பின் ஸீட்டில் ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி ஒரு தாய். வீதியில் போனவர் எடுத்த வீடியோ நாடெங்கும் பரவி, அந்தக் காவலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். பிறகு இன்னொரு வீடியோ வந்தது. தப்பு யார் மீது என்று பெரிய பட்டிமன்றமே நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். ஆள் உள்ளே இருக்கும் வண்டியை இழுப்பது ஆபத்து என்பதில் இரண்டு பேச்சு இல்லை.

நம்ம ஊரில் போக்குவரத்துப் போலீஸ் போடும் அபராதம் மோட்டார் வாகனச் சட்டப்படி வருவது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, பால் கொடுத்தேன் என்று சொன்னால் மனிதாபிமானம் கிடைக்கலாம், சட்ட விலக்கு கிடையாது. ஆனால் கடை, தியேட்டர், ஆஸ்பத்திரி, ஸ்டாண்டு இங்கெல்லாம் டோக்கன் கொடுப்பவர் "நேரம் ஆயிருச்சு, ஐநூறு எடு" என்றால் கதை வேறு. அது ஒப்பந்தப் பணம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, மீறலுக்கு நியாயமான ஈடு மட்டுமே கேட்கலாம் என்கிறது. நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத தண்டத் தொகையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறது.

அங்கே நின்று சண்டை போடாதீர்கள். கட்டணப் பலகையைப் படம் எடுங்கள், ரசீது கேளுங்கள், தகராறு முற்றினால் கொடுத்துவிட்டு வந்து இப்படி எழுதுங்கள்:

"ஐயா, இன்ன தேதி, இன்ன மணிக்கு உங்கள் வாகன நிறுத்தத்தில் என் வண்டியை நிறுத்தினேன். ரசீது எண் இது. என் மூன்று மாதக் குழந்தைக்குப் பாலூட்ட வேண்டியிருந்ததால் 40 நிமிடம் தாமதமானது. அந்த நேரத்துக்குரிய வழக்கமான கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு மேல் வாங்கிய தொகையைத் திருப்பித் தரவும். தர மறுத்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2025 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா பி. வராலே அமர்வு, பொது இடங்களில் இத்தகைய அறைகள் வேண்டும் என்றும், பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. "உங்களிடம் பாலூட்டும் அறை இருந்ததா?" என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கேட்டு வையுங்கள்.

வண்டிக்குள் பால் கொடுக்கும்போது

மதுரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிய கார் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை கூடுதலாகச் சூடாகும். நிழலில் நிறுத்துங்கள், கதவைத் திறந்து வையுங்கள். ஏ.ஸி.க்காக அடித்தளப் பார்க்கிங்கில் என்ஜினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாத விஷவாயு உண்டு. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு முறை பால் கொடுத்துவிடுங்கள். தாய்க்குக் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். வீட்டில் பூண்டு, முருங்கைக்கீரை, பருப்பு என்று வயிறு நிறையச் சாப்பிடட்டும். தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்ந்த மருந்துகள் எங்கள் முறையில் உண்டு. நாடி பார்க்காமல் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு நான் மருந்து எதுவும் எழுதவில்லை. "மகளுக்குப் போன் போடுங்க. மொதல்ல புள்ளைக்குப் பால் கொடுக்கட்டும். பக்கத்துல மாப்பிள்ளை உட்கார்ந்து பதில எழுதட்டும். கெடுவுக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு" என்றேன்.

போன வாரம் தைலம் வாங்க வந்தார். பதில் போய்ச் சேர்ந்துவிட்டதாம். வழக்கு இன்னும் முடியவில்லை.

"பால்?" என்று கேட்டேன்.

"அது அன்னைக்கு ராத்திரியே இறங்கிருச்சு ஐயா" என்றார்.