காரமான உணவுக்கு எந்த ஒயின்? நந்தி மலை, நாசிக் தோட்டங்களும் குறையும் இறக்குமதி வரியும்

பெங்களூரு: வெளிநாடுகளிலிருந்து இயந்திரங்களை வாங்கி விற்கும் தொழிலில் இருந்தவர் கன்வால் குரோவர். வணிகத்துக்காகப் பிரான்சுக்குச் சென்றபோதெல்லாம் அந்நாட்டு ஒயின்களைச் சுவைத்துப் பழகிய அவருக்கு, இத்தகைய திராட்சை இந்திய மண்ணில் விளையாதா என்ற கேள்வி எழுந்தது. பிரெஞ்சு வல்லுநர்களின் துணையுடன் பல ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்து, இறுதியில் பெங்களூருவை அடுத்த நந்தி மலை அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தார். சிலிக்கான் பள்ளத்தாக்கில் பணியாற்றித் திரும்பிய ராஜீவ் சாமந்த், 1990களின் பிற்பகுதியில் நாசிக்கில் தொடங்கிய சுலா நிறுவனம் 2022 டிசம்பரில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

கொடியை உறங்க வைக்கும் கவாத்து

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்ததும் திராட்சைக் கொடி இலைகளை உதிர்த்து உறங்கிவிடும். தக்காணத்தில் அப்படிப்பட்ட குளிர் இல்லை. கொடியை அதன் போக்கில் விட்டால் ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் காய்ப்பது அழுகிப்போகும். எனவே நாசிக் விவசாயிகள் இருமுறை கவாத்து செய்கின்றனர். அறுவடைக்குப் பின், ஏப்ரல் வாக்கில் செய்யும் முதல் கவாத்து கொடிக்கு வலுவான கிளைகளைத் தரும். மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யும் இரண்டாவது கவாத்தே காய்ப்புக்கானது. இதனால் பழம் முற்றுவது ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களில் அமைகிறது. அக்காலத்துக் குளிர்ந்த இரவுகள் பழத்தின் புளிப்பைக் காக்கின்றன. புளிப்பு குன்றிய பழத்திலிருந்து நல்ல ஒயின் கிடைக்காது.

மிளகாயும் துவர்ப்பும்

மாமிசத்துக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்ற ஐரோப்பிய வழக்கம் நம் சமையலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இங்கு சுவையைத் தீர்மானிப்பது மாமிசத்தைவிட மசாலாவே. திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்பும் மதுச்சாரமும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். ஆகவே ஆந்திரக் கோழி வறுவலுடன் துவர்ப்பு மிகுந்த கேபர்னே சோவின்யோன் அருந்துவது வீண். சற்றே இனிப்பு கொண்ட செனின் பிளாங்க் அந்த எரிச்சலைத் தணிக்கும். புளி சேர்ந்த கோவா மீன் குழம்புக்கு, உணவைவிடப் புளிப்பு குறையாத ஒயின் வேண்டும். இல்லையெனில் அது சப்பென்று இருக்கும். சோவின்யோன் பிளாங்க் அங்கு பொருந்தும். சமோசா, வடாபாவ் போன்ற எண்ணெய்ப் பண்டங்களுக்கு நுரைக்கும் ஒயின் நன்று. காரம் குறைந்த ஆட்டிறைச்சிக் கபாபுக்கு ஷிராஸ் ஏற்றது. தயிர் சாதத்துக்கு மட்டும் இணை தேட வேண்டியதில்லை.

சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்பதும் இங்கு குழப்பம் தரும் அறிவுரை. அது குறிப்பிடுவது 16 முதல் 18 டிகிரி வரையிலான ஐரோப்பிய அறையை. நம் ஊர் 32 டிகிரியில் மதுச்சார நெடியே மேலோங்கும். அருந்துவதற்கு அரை மணி நேரம் முன்பு குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே சரி. எவ்வளவு குறைவாக அருந்தினாலும் மது முற்றிலும் பாதுகாப்பானது அல்ல என 2023இல் உலக சுகாதார அமைப்பு தெரிவித்துள்ளதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

வரி குறைந்தால் யாருக்கு நெருக்கடி?

இறக்குமதி ஒயின் மீதான 150 சதவீத வரியே உள்நாட்டுத் தோட்டங்களுக்கு நீண்டகாலம் அரணாக இருந்தது. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் அந்த அரணில் ஒரு வாசலைத் திறந்தது. இதன்படி, பாட்டில் ஒன்று 5 டாலருக்கு மேற்பட்ட ஒயினுக்கு வரி உடனே 100 சதவீதமாகி, 10 ஆண்டுகளில் 50 சதவீதமாகும். 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75 சதவீதமாகத் தொடங்கி 25 சதவீதம் வரை குறையும். 5 டாலருக்குக் கீழே சலுகை இல்லை. ஆக, போட்டி உருவாவது குரோவரும் சாமந்தும் எட்ட விரும்பிய உயர்தர ஒயின் சந்தையில்தான்.

உள்நாட்டு நிலைமையும் எளிதன்று. மதுவுக்கு ஜிஎஸ்டி இல்லை. அது மாநிலப் பட்டியலில் உள்ளது. நாசிக்கில் அடைத்த பாட்டில் வேறொரு மாநிலத்துக்குச் சென்றால் அங்குள்ள கட்டணங்களும் உரிம விதிகளும் தனி. சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க மகாராஷ்டிர அமைச்சரவை 2022 ஜனவரியில் ஒப்புதல் அளித்தபோது, திராட்சை விவசாயிகளின் வருவாய் உயரும் என அரசு வாதிட்டது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார்; எதிர்க்கட்சியாக இருந்த பாஜகவும் எதிர்த்தது. அத்திட்டம் அப்போது நடைமுறைக்கு வரவில்லை.