கேசட் வரும் முன்னே, பெட்டி வரும் பின்னே

வீட்டுக்குள் நுழைந்த வீடியோ, தில்லியில் படங்கள் ரிலீஸாகும் முறையையே மாற்றிப் போட்டது

தில்லி கனாட் பிளேஸில் 1932-ல் திறக்கப்பட்ட ரீகல் தியேட்டருக்கு 2017 மார்ச் 30-ம் தேதி கடைசி நாள். அன்று மாலை ‘மேரா நாம் ஜோக்கர்’, இரவு ‘சங்கம்’ என்று ராஜ் கபூர் படங்களோடு விடைபெற்றது. அங்கிருந்து சில நிமிட நடையில், தரைக்கு அடியில், பாலிகா பஜார். திருட்டு வீடியோவுக்குப் பெயர் போன கடைவீதி. மேலே தியேட்டர், கீழே கேசட். பல ஆண்டுகள் நடந்த இந்த மல்லுக்கட்டில்தான் படம் திரைக்கு வரும் முறையே மாறியது.

முன்பெல்லாம் படங்கள் அவசரமில்லாமல் பயணம் செய்தன. சாந்தினி சௌக்கின் பகீரத் பேலஸில் அலுவலகம் போட்டிருந்த விநியோகஸ்தர்கள், தில்லி-உத்தரப் பிரதேச ஏரியாவுக்கு அளவாகத்தான் பிரதிகள் எடுப்பார்கள். பிலிம் பிரதிக்குச் செலவு அதிகம். முதலில் நகரின் பெரிய அரங்குகள். கூட்டம் குறைந்ததும் அதே பெட்டி சிறிய தியேட்டர்களுக்குப் போகும். பிறகு மீரட், அலிகர் என்று ஊர் ஊராகச் சுற்றும். அவசரப்பட்டவர் அதிகக் காசு கொடுத்துப் பார்த்தார். பொறுத்தவர் குறைந்த டிக்கெட்டில் பார்த்தார். படத்தைப் பார்க்க வேறு வழி இல்லாததால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

1982-ல் அந்த வேறு வழி வந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தலைநகர் கோலாகலம் பூண்ட ஆண்டு அது. தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. கலர் டிவியோடு விசிஆரும் வீடுகளுக்குள் வந்தது. வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஓரிரவு வாடகையில் குடும்பமும் அக்கம்பக்கமும் சேர்ந்து விடிய விடியப் படம் பார்த்தன. ஊரில் வெளியான படத்துக்காகக் காத்துக்கிடந்த தில்லித் தமிழர்களுக்கும் கேசட் ஒரு வரப்பிரசாதம்.

பெட்டி மீரட்டுக்குப் போவதற்குள் கேசட் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே தியேட்டருக்கு யார் வருவார்கள்? அரசு 1984-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை என்று விதித்தது. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. சட்டம் வந்தும் கேசட் ஓயவில்லை. பின்னால் கேபிள் டிவியும் சேர்ந்துகொண்டது.

சினிமாக்காரர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். ஒன்று, பூட்டிவைப்பது. 1994 ஆகஸ்டில் வெளியான ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தின் வீடியோ உரிமையை ராஜ்ஸ்ரீ நிறுவனம் விற்காமல் வைத்துக்கொண்டது. குறைந்த பிரதிகளோடு ஆரம்பித்து, வரவேற்பைப் பார்த்துப் படிப்படியாகப் பெருக்கியது. வீட்டோடு முடங்கியிருந்த குடும்பங்கள் கூட்டமாகத் தியேட்டருக்குத் திரும்பின.

ஆனால் அந்தப் பொறுமை எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. நிலைத்தது இரண்டாவது வழிதான்: திருடன் முந்துவதற்குள் எல்லா ஊரிலும் ஒரே நாளில் ரிலீஸ். பிரதிகள் பெருகின. வெள்ளிக்கிழமை வெளியீடு, திங்கட்கிழமை தீர்ப்பு என்றாயிற்று. 1997-ல் தில்லி சாகேத்தில் அனுபம் தியேட்டர் நான்கு திரைகள் கொண்ட பிவிஆர் மல்டிபிளெக்ஸாக மாறியபோது இந்த வேகத்துக்குத் தோதான கூடாரமும் கிடைத்தது. கூட்டம் இருந்தால் கூடுதல் திரை. இல்லாவிட்டால் அடுத்த படம். பின்னர் டிஜிட்டல் வந்ததும் பிரதிச் செலவு என்ற தடையும் விலகியது.

இதில் அடிபட்டவை ரீகல் போன்ற ஒற்றைத் திரை அரங்குகள். ஆயிரம் நாற்காலிகளை நிரப்ப ஒரே படத்தை வாரக்கணக்கில் ஓட்டியாக வேண்டும். அந்த வாரங்களைத்தான் வீடியோ தின்றுவிட்டது. பொறுத்திருந்து குறைந்த விலையில் பார்த்த ரசிகருக்கும் ‘இரண்டாவது சுற்று’ என்பதே இல்லாமல் போனது.

வீடியோ வியாபாரமும் நிலைக்கவில்லை. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட மோசர் பேர் நிறுவனம் 2007-ல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று, திருட்டு வட்டோடு விலையிலேயே மோதியது. அதே நிறுவனத்தைக் கலைக்க 2018-ல் உத்தரவாயிற்று. அதற்குள் படம் இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

சண்டை மட்டும் தொடர்கிறது. தியேட்டரில் வெளியாகி எட்டு வாரம் கழித்தே ஓடிடிக்குப் போக வேண்டும் என்று, 2022 ஆகஸ்ட் முதல் இந்திப் படங்களுக்குத் தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் நிபந்தனை போட்டன. தமிழ்ப் படங்களுக்கோ நான்கு வாரமே வழக்கம். விளைவு, 2023 அக்டோபரில் விஜய்யின் ‘லியோ’ வந்தபோது அதன் இந்திப் பதிப்பை வடக்கே அந்தப் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் திரையிடவில்லை.

பெட்டி ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் எல்லா நாட்களும் தியேட்டருக்கே சொந்தம். இன்று பேரம் 56 நாட்களுக்கு.