உங்களுக்குத் தெரியுமா? கைப்பேசியில் எழுத்து சிறுத்துப்போகும் மர்மம்
எச்.டி.எம்.எல்லும் சி.எஸ்.எஸ்ஸும் புதிதாகப் பயிலும் மாணவர், மேசைக் கணினியில் கண்டு மகிழ்ந்த தம் முதற் பக்கத்தைக் கைப்பேசியில் திறக்கையில், எழுத்தெல்லாம் எறும்பு வரிசைபோலச் சிறுத்துக் கிடப்பதற்குக் காரணம், பெரும்பாலும் அவர் எழுதிய பாணித்தாளின் பிழையன்று. 2007-ஆம் ஆண்டு ஐபோன் வெளிவந்தபோது, அன்றைய வலைப்பக்கங்கள் அநேகமாகப் பெரிய திரைக்கென்றே அமைந்திருந்தபடியால், அதன் சஃபாரி உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் 980 பிக்சல் அகலமுள்ளதாகப் பாவித்துச் சுருக்கிக் காட்டிய வழக்கம் இன்றளவும் நீடிப்பதேயாம். தலைப்பகுதியில் ‘வியூபோர்ட்’ என்னும் மெட்டா வரியை எழுதி, பக்கத்தின் அகலம் சாதனத்தின் அகலமே என்று அறிவித்துவிட்டால் அவ்வழக்கம் விலகும். அந்த வரியிலேயே, விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தடுக்கும் ‘யூசர்-ஸ்கேலபிள்=நோ’ என்பதையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள்; பார்வை மங்கியவருக்கு இது வீண் உபத்திரவம்.

படங்களின் விஷயம் இன்னும் சூட்சுமமானது. படத்தைச் சொற்களில் விவரிக்கும் ‘ஆல்ட்’ பண்பை அடியோடு விட்டுவிட்டால், பார்வையற்றோர் உபயோகிக்கும் திரைவாசிப்பான்களிற் சில, ‘ஐ.எம்.ஜி. 2047 ஜே.பி.ஜி.’ என்று கோப்பின் பெயரையே உரக்கப் படிக்கும். அதே பண்பை எழுதி, மேற்கோள் குறிகளுக்கிடையே ஒன்றும் இடாமல் விட்டாலோ, வெறும் அலங்காரப் படமென்று கொண்டு மௌனமாகக் கடந்துபோகும்.

வெண்திரையில் வெளிறிய சாம்பல் எழுத்தே நாகரிகமென்பது இக்காலத்து அபிப்பிராயம். ஆனால் வலைப்பக்கங்களை அனைவரும் அணுகுவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையின் ‘ஏஏ’ நிலை, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே 4.5:1 விகித ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கையில், ‘#999’ என்னும் நிறம் தருவது ஏறக்குறைய 2.85 மாத்திரமே; ‘#767676’ வரையிலேனும் கருமை ஏறினால்தான் தேறும்.