கரைய வேண்டியது எது?

கரையேற்றி வெச்ச விசைப்படகோட பின்பக்கம் குனிஞ்சு பார்த்தா, புரொப்பல்லர் தண்டில் சாம்பல் நிறத்தில் ஒரு உலோகக் கட்டி மாட்டியிருக்கும். அரிச்சுப்போய்க் குழி குழியா இருக்கும். அது பழுது இல்லை. அரிபடுறதுதான் அதோட வேலையே. பெரும்பாலும் துத்தநாகத்தில் செய்வாங்க. பலி ஆனோடு என்று பெயர்.

ரெண்டு வேற வேற உலோகங்கள் ஒண்ணையொண்ணு தொட்டபடி கடல்நீரில் கிடந்தா, அது ஒரு பேட்டரி ஆயிடும். எலக்ட்ரான்களை எளிதா விடுற உலோகம் கரையும்; மற்றது தப்பிக்கும். வெண்கலப் புரொப்பல்லர், எஃகுத் தண்டு இவற்றோட துத்தநாகத்தைச் சேர்த்தா, முதலில் கரையுறது துத்தநாகம்தான்.

பிரிட்டிஷ் கடற்படை இதை நஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிச்சு. 1761-ல் 'அலார்ம்' என்ற மரக்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தப்ப, மரத்தைப் புழு தொடலை. ஆனா தகட்டைப் பிடிச்சிருந்த இரும்பு ஆணிகள் உளுத்துப்போயிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் ஆணிக்கும் செம்புக்கும் நடுவில் தங்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணி பிழைச்சிருந்தது. தொடர்பு இல்லைன்னா இந்த அரிப்பும் இல்லை.

செம்பும் கடல்நீரில் மெதுவாகக் கரையத்தான் செய்யும். அதைத் தடுக்க, 1824-ல் ஹம்ப்ரி டேவி இதே விளைவை வேணும்னே பயன்படுத்தினார். செம்பின் பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு துத்தநாகமோ இரும்போ போதும் என்று கண்டார். 'சமராங்' கப்பலில் இரும்புக் கட்டிகளைப் பொருத்தினாங்க. செம்பு தப்பிச்சது. ஆனா இப்படிக் காப்பாத்தின தகடுகளில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கிச்சு. கப்பல் வேகம் குறைஞ்சது. காரணம், கரைகிற செம்புதான் அந்த உயிர்களுக்கு விஷம். அரிப்பு நின்னதும் விஷமும் நின்னுபோச்சு. 1825-லேயே கடலோடும் கப்பல்களில் இதைக் கைவிட்டாங்க.

டேவியின் வேதியியலில் தப்பில்லை. அந்தக் கப்பலுக்குச் செம்பு கரைய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்னைக்கு ரெண்டு வேலையையும் பிரிச்சாச்சு: பாசிக்குச் செம்பு கலந்த பெயின்ட், புரொப்பல்லருக்கும் தண்டுக்கும் ஆனோடு.

படகு வெச்சிருக்கீங்களா? ஆனோடு மேல பெயின்ட் அடிக்காதீங்க. அது உட்காருற இடத்தை வெறும் உலோகம் தெரியுற வரைக்கும் சுரண்டுங்க. பாதி கரைஞ்சதும் மாத்திடுங்க. ஆறு, ஏரி மாதிரி நன்னீர்னா துத்தநாகம் சரிவராது, மெக்னீசியம் போடணும்.

பல மாசம் கடலில் கிடந்தும் ஆனோடு புதுசு மாதிரியே இருந்தா சந்தோஷப்படாதீங்க. அநேகமா எங்கேயோ தொடர்பு விட்டிருக்கு. அப்போ அதுக்குப் பதிலா உங்க புரொப்பல்லரோ தண்டோ கரைஞ்சுட்டு இருக்கும்.