ஐஸ் ஹவுஸில் படித்த டீச்சர்



கோடை லீவில் குழந்தைகளுக்கு மெரினாவைக் காட்டலாமென்று சென்னைக்குப் போனோம். மாமியாரையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். மாமனார் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து அத்தை நல்லது கெட்டது எதிலும் முன்னால் வருவதில்லை. நாத்தனார் மகள் வளைகாப்பன்றுகூட சமையல்கட்டிலேயே இருந்துவிட்டார். அப்படி இருங்கள் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆனால் "வெளியே வாங்க" என்றும் யாரும் கூப்பிடவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

கடற்கரைக்கு எதிரே அரைவட்ட முகப்போடு ஒரு பெரிய பழைய கட்டடம். பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் ஆட்டோக்காரர் வாயில் இன்றைக்கும் அது 'ஐஸ் ஹவுஸ்'தான்! 1842ல் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி கட்டியது. அந்த ஊர் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் புதைத்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே சேமித்தார்களாம். இயந்திரத்தில் ஐஸ் செய்யும் காலம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் இங்கே தங்கினார்.

இதையெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை மட்டும் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்கத்தை?" என்றேன்.

"எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த டீச்சர் இங்க தங்கித்தான் படிச்சாங்களாம். ஐஸ் ஹவுஸ், ஐஸ் ஹவுஸ்னு எப்பப் பார்த்தாலும் சொல்வாங்க" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடிப் படித்தேன். சகோதரி சுப்புலட்சுமி 1886ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம், உடனேயே கைம்மை. பெற்றோர் அவரை மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள். 1911ல் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் அவர்தான். தன்னைப் போன்ற பிராமணக் குடும்பத்து பால விதவைகள் நாலு பேரோடு எழும்பூரில் விடுதி தொடங்கினார். பெண்கள் பெருகி இடம் போதாமல் போனபோது கிடைத்ததுதான் ஐஸ் ஹவுஸ். இங்கே தங்கிய பெண்கள் படித்து ஆசிரியைகளாக ஊர் ஊராகப் போனார்கள். பக்கத்திலேயே 1922ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதற்கும் அவரே தலைமை.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! எதிரே வந்தால் சகுனத்தடை என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், தினம் காலையில் ஐம்பது குழந்தைகள் முன்னால் போய் நின்றிருக்கிறார்கள்.

ரயிலில் வரும்போது அத்தை தானாகவே பேசினார். "டீச்சர் வெள்ளைச் சேலைதான் கட்டுவாங்க. அவங்க வர்றாங்களான்னு பள்ளிக்கூடத்து வாசல்லயே நிப்போம். அவங்க முகத்துல முழிச்சா கணக்கு சரியா வரும்னு நாங்களே சொல்லிக்குவோம்" என்று சிரித்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளி திறந்த அன்று மகள் கிளம்பும்போது, "அத்தை, நீங்க எதிர வாங்க" என்று கூப்பிட்டேன். "வேற யாரையாவது..." என்று இழுத்தார். "உங்க டீச்சர் மாதிரி வாங்க" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மகள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதே போல ஐஸ் கிடங்குகள் இருந்தனவாம். இன்று அவை இல்லை. நம்முடையது மட்டும் நிற்கிறது. 1963ல் விவேகானந்தர் பெயர் சூட்டப்பட்டது. 1997ல் அரசு ராமகிருஷ்ண மடத்திடம் ஒப்படைத்தது. அதனால் பிழைத்தது. இதையும் இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தால் என் மாமியாருக்கு டீச்சர் ஞாபகம் வந்திருக்குமா?

சென்னை போகும் தோழிகளே, பீச்சில் சுண்டல் வாங்குவதற்கு முன் சாலையைத் தாண்டி அந்த வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, செங்கல்பட்டு.